ஏரிக்கரை வரை போய் வரலாமா?

சென்ற கார்த்திகை மாதத்தில் எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவுக்கு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தாயுடன் வந்திருந்தான். ஆஸ்துமாவுக்காக இரண்டு ஆண்டுகளாக எங்களிடம் மருத்துவம் பெற்று வருபவன். நெஞ்சில் இழுப்புச் சத்தம் இல்லை. இரவு இருமல் இல்லை. ஓராண்டாக அவசரப் பிரிவின் வாசலை மிதிக்கவில்லை. மருந்தின் அளவைக் குறைத்து எழுதிக்கொண்டே, "உங்கள் ஊர் ஏரி நிரம்பிவிட்டதாமே, போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டோம். சிறுவன் பதில் சொல்லாமல் தாயின் முகத்தைப் பார்த்தான். அவர்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால் ஏரிக்கரை தெரியும். ஆனால், அந்தக் கரைமீது அவன் ஏறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

ஏன் என்று கேட்டதற்குத் தாய் சொன்னார்: "நீங்கதானே சார் சொன்னீங்க, குளிர்காத்துலயும் தூசியிலயும் வெளிய விடாதீங்கன்னு."

பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். அவன் வார்டிலிருந்து வீடு திரும்பிய நாளில் எங்கள் கையெழுத்திலேயே அந்த அறிவுரை இருந்தது. முதல் இரண்டு வாரங்களுக்காகச் சொன்னது அது. எத்தனை நாளுக்கு என்பதை மட்டும் எழுத மறந்திருந்தோம். இரண்டு வாரத் தடை, எங்கள் கவனக்குறைவால் இரண்டு ஆண்டுத் தடையாக நீண்டுவிட்டது. அவனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, நல்ல உடல்நலத்தோடு இருக்கும் தங்கையையும் வீட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இந்தத் தை மாத இதழில் நாங்கள் எழுத விரும்புவது அந்தத் தவற்றைப் பற்றியும், அதைத் திருத்தும் வழியைப் பற்றியும்தான். நீண்டகால நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் ஏரிக்கரைக்கும் சிறு குன்றுக்கும் ஒரு பகல் பொழுது போய் வரலாம். போய் வர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. எந்தக் குழந்தை போகக் கூடாது, எதுவரை போகக் கூடாது என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் நாள் குறித்துச் சொல்ல வேண்டும். நாள் குறிக்காத தடையைக் கண்டால் பெற்றோர் எங்களைக் கேள்வி கேட்க வேண்டும்.

அச்சமும் அசட்டையும்

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்புள்ள செயல்களில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நீண்டகால நோயுள்ள குழந்தைகளுக்கும் இயன்ற அளவில் இது பொருந்தும். நடை, மூச்சுத் தசைகளையும் கால்களையும் உறுதிப்படுத்துகிறது. பசியையும் உறக்கத்தையும் சீராக்குகிறது. மாத்திரையும் ஊசியுமே வாழ்க்கை என்று எண்ணத் தொடங்கிவிட்ட குழந்தைக்கு, தானும் மற்றவர்களைப் போலத்தான் என்ற எண்ணத்தை ஒரு நாள் பயணம் மீட்டுத் தருகிறது. இதனை எந்த மருந்துச் சீட்டிலும் எழுதித் தர இயலாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கின்றனர்; அவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மழைக்காலம் முடிந்த மாதங்களில் எங்கள் அவசரப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம் நாங்கள் அஞ்சுவது இதற்குத்தான். ஈர உடையோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தந்தையிடம், கண்ணெதிரே இருந்தான், ஒரு நிமிடம்தான் திரும்பினேன் என்ற சொல்லைத் தவிர வேறு சொல் இருப்பதில்லை.

ஒரு குழந்தையை இரண்டு ஆண்டுகள் திண்ணையில் நிறுத்தி வைப்பதும், இன்னொரு குழந்தையை ஒரு நிமிடம் கவனிக்காமல் விடுவதும் எதிரெதிரானவை போலத் தோன்றும். இரண்டிற்கும் வேர் ஒன்றே: முன்கூட்டி யோசித்து ஏற்பாடு செய்யாமை. ஏற்பாடு இருந்தால் அச்சம் குறையும். அசட்டைக்கும் இடம் இராது.

நம் ஏரியிலிருந்தே தொடங்கலாம்

சுற்றுலா என்றதும் ஊட்டியும் கொடைக்கானலும் நினைவுக்கு வருகின்றன. ஏரிகள் மாவட்டம் என்றே பெயர் பெற்ற நிலத்தில் வாழும் நமக்கு அவ்வளவு தொலைவு தேவையில்லை. உத்திரமேரூரை அடுத்துள்ள பேரேரி, பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்றது. இதே ஊரின் மண்டபச் சுவரில் உள்ள, முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறைக்காக உலகறிந்தவை. அந்தத் தேர்தலில் அமைந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், ஓராண்டுக் காலம் ஏரியைக் கவனிப்பதையே பொறுப்பாக ஏற்றார்கள். குடத்திலிருந்து ஓலையை எடுத்துக் கொடுத்தது ஒரு சிறுவன்.

இந்த வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்வதோடு நில்லாமல், பயணத்திற்கும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நீர்நிலைக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஓர் ஏரி வாரியம் அமைத்துக்கொள்ளட்டும். பெரியவர்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு சொம்பில் இட்டு, குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். பெயர் வந்தவர் அடுத்த இருபது நிமிடத்திற்குக் குழந்தைகளையும் நீரையும் மட்டுமே பார்க்க வேண்டும். கைபேசி பையில் இருக்க வேண்டும். சமையல், அரட்டை, படமெடுத்தல் எதுவும் கூடாது. இருபது நிமிடம் முடிந்ததும் அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். நாங்கள் பார்த்த விபத்துகள் பலவற்றில் பெரியவர்கள் பலர் உடன் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் இருந்ததாலேயே, வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருக்கிறார்கள்.

முதல் பயணமாக உங்கள் ஊர் ஏரிக்கரையையே தேர்ந்தெடுங்கள். காலை ஏழரை மணிக்குக் கிளம்பி, கரைமீது இருபது நிமிடம் நடந்து, ஒரு மரத்தடியில் அமர்ந்து இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குள் வீடு திரும்பினால் போதும். கரையில் நடக்கலாம், நீரில் இறங்க வேண்டா. மதகின் அருகிலும், தண்ணீர் வழிந்தோடும் கலங்கலின்மீதும் குழந்தையை நிற்க விடாதீர்கள். மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். முழங்கால் ஆழத்தில் நடப்பவன் அடுத்த அடியில் ஆள் ஆழத்திற்குப் போய்விடுவான். சென்ற கோடையில் அதே இடத்தில் பந்து விளையாடினோம் என்ற நம்பிக்கை, மழைக்குப் பின் செல்லாது.

அடுத்த படியாக அரைநாள் பயணம் செல்ல வேடந்தாங்கல் இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியை ஊர் மக்கள் பல தலைமுறைகளாகப் பறவைகளுக்காகக் காத்து வருகிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். 1798-ஆம் ஆண்டிலேயே அவர்களின் உரிமையை ஆங்கிலேய ஆட்சி ஏற்றது. 1936-இல் அது சரணாலயமாயிற்று. 2022-இல் அதுவும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. நவம்பர் முதல் மார்ச் வரை கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா முதலியவற்றை அங்கே காணலாம். கரையில் சமதளமாக நடக்கலாம், களைத்தால் அமரலாம். இதயநோய் உள்ள குழந்தைக்கும், அறுவை மருத்துவத்திற்குப் பின் தேறிவரும் குழந்தைக்கும் இதைவிட ஏற்ற இடம் அருகில் இல்லை. காணும் பொங்கலன்று கூட்டம் மிகும்; வேறொரு நாளைத் தேர்வதே நலம்.

மூன்றாம் படி சிறு குன்று. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில் உள்ள மாமண்டூரில் தாழ்ந்த பாறைக்குன்றும், அதில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகளும், பக்கத்திலேயே சித்திரமேகத் தடாகம் என்ற பழம்பெயர் கொண்ட பெரிய ஏரியும் உண்டு. மலை, ஏரி, வரலாறு மூன்றும் ஒரே நடையில் கிடைக்கும் இடம் அது. இவ்வளவும் பழகிய பின்னர், பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் திருக்கழுக்குன்றத்தின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த வரிசையில் திருமுக்கூடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே 15 படுக்கைகளுடன் ஒரு மருத்துவசாலை நடந்ததையும், மருத்துவர், அறுவை செய்பவர், மருந்துக்கு மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைப் பேணும் பெண்கள் எனப் பணியாளர்கள் இருந்ததையும் அது கூறுகிறது. நம் மண்ணில் படுக்கை வைத்து மருத்துவம் பார்த்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதை, மருத்துவமனையைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு அங்கே நின்று சொல்லலாம்.

பயணத்தின் அளவு

எந்தப் பயணமாயினும், குழுவில் மிகவும் மெதுவாக நடக்கும் குழந்தையே அதன் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். அந்தக் குழந்தையை முன்னே நடக்க விடுங்கள். பின்னால் வருமாறு விட்டால், மற்றவர்கள் காத்திருந்து இளைப்பாறிய இடத்திற்கு அது மூச்சு வாங்க வந்து சேரும்போது அவர்கள் மீண்டும் கிளம்பிவிடுவார்கள். இளைப்பாறல் வேண்டிய பிள்ளைக்கே அது கிடைப்பதில்லை.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பத்து மணிக்குத் திரும்புவது என்றால், உச்சி இன்னும் இருபது படி தொலைவில் இருந்தாலும் பத்து மணிக்குத் திரும்ப வேண்டும். குழந்தை சோர்ந்து அழும்வரை காத்திருந்தால், அடுத்த முறை அழைக்கும்போது அது வராது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று குழந்தை கேட்கும்போதே கிளம்பிவிடுவது நல்லது. மாசி கழிந்த பிறகு, காலை பதினொரு மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் இருப்பதைத் தவிருங்கள். பாறைக்குன்று அந்நேரம் அடுப்பாகிவிடும்.

நோய்க்கேற்ற முன்னேற்பாடு

ஆஸ்துமா உள்ள குழந்தையின் நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் உடன் வரும் பெரியவரின் கையில் இருக்க வேண்டும். வண்டியில் விட்டுச் செல்லக் கூடாது. நடப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்னர் அதை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதை எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடைக் களத்துத் தூசியும் வைக்கோல் எரியும் புகையும் உள்ள வழியைத் தவிருங்கள்.

இன்சுலின் போடும் குழந்தைக்கு, நடப்பதால் இரத்தச் சர்க்கரை குறையலாம், அன்றிரவுகூடக் குறையலாம். கிளம்பும் முன்னும், இடையிலும், உறங்கும் முன்னும் பரிசோதியுங்கள். சர்க்கரையோ குளுக்கோஸோ குழந்தையின் சட்டைப்பையிலும் இருக்கட்டும், உங்கள் பையிலும் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இன்சுலினை வைத்தால் அது கெட்டுவிடும். குளிர்ந்த நீர்ப் புட்டியோடு துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டியை நேரே தொட விடாதீர்கள்.

வலிப்பு நோயுள்ள குழந்தை முதல்நாள் இரவு நன்றாக உறங்கியிருக்க வேண்டும். காலை மருந்தைத் தவறவிடக் கூடாது. நீரருகிலும் பாறை விளிம்பிலும், கைக்கெட்டும் தொலைவில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

இதயநோயுள்ள குழந்தை நடுவழியில் தானாகக் குந்தி அமர்ந்தால் அதைச் சோம்பல் என்று அதட்டாதீர்கள். உதடு நீலம் பாரித்தாலோ மூச்சு வாங்கினாலோ பயணம் அத்துடன் முடிந்தது. ஒவ்வோர் இதயநோய்க்கும் எல்லை வேறு; எத்தனை தொலைவு, எத்தனை படி என்று எங்களிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரில் புரதம் கசியும் நோய்க்காக ஸ்டீராய்டு உட்கொள்ளும் குழந்தை நெரிசலான இடங்களையும் உப்பு மிகுந்த தின்பண்டங்களையும் தவிர்க்க வேண்டும். பயண நாளிலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எல்லோருக்கும் பொதுவானவை சில: வீட்டிலிருந்து கொதிக்க வைத்து ஆற்றிய நீர், ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தொப்பி, மாற்றுடை, மூடிய காலணி, குழந்தையின் மருத்துவக் குறிப்பேட்டின் நகல், ஒரு நீண்ட கயிறு.

கயிறு எதற்கு என்று கேட்கலாம். நீரில் ஒருவர் தத்தளித்தால், பயிற்சி இல்லாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் மூழ்கிவிடுவார். கயிற்றையோ புடவையையோ வீசுங்கள். நீண்ட கிளையை நீட்டுங்கள். மீட்ட குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், வயிற்றை அழுத்தித் தண்ணீரை எடுக்க முயல்வதும் வேண்டா. பொன்னான நேரம் அதில் வீணாகும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவே அழுத்துங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இந்தச் செய்முறையைக் கற்க விரும்பும் பெற்றோருக்கு எங்கள் வார்டுச் செவிலியர் பொம்மையில் செய்து காட்டுவர், தயங்காமல் கேளுங்கள்.

புல்லடர்ந்த கரையில் பாம்பு இருக்கும். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்கப் பழக்குங்கள். கடித்தால் கட்டுப் போடவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டா. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நஞ்சு முறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து வாருங்கள். அந்த மருந்தைச் செய்யத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியை நாட்டிற்கு வழங்கி வருவது, 1978 முதல் மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

போகக் கூடாதபோது

காய்ச்சல் உள்ள நாளிலும், ஆஸ்துமா இழுப்போ வலிப்போ வந்து சில நாட்களே ஆகியிருக்கும்போதும், அறுவைக் காயம் ஆறும் முன்னும், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்துள்ள காலத்திலும் பயணம் வேண்டா. அப்போது நாங்கள் தடுப்போம். ஆனால், இனித் தடுக்கும்போது தேதியையும் எழுதுவோம். இன்ன நாள் வரை வேண்டா, அன்று மீண்டும் பார்த்து முடிவு செய்வோம் என்று எழுதுவோம்.

ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு என்று சில மருத்துவர்களும் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் நியாயம் எங்களுக்குப் புரிகிறது. வேண்டா என்று சொல்பவருக்கு ஒருநாளும் பழி வருவதில்லை. அதனால்தான் அந்தச் சொல் எளிதில் வாயில் வருகிறது. ஆனால், அதன் விலையைக் குழந்தை கொடுக்கிறது. வகுப்பு முழுவதும் பேருந்தில் ஏறிப் போனபின், பள்ளியில் தனியே அமர்ந்திருந்த குழந்தைகளை நாங்கள் அறிவோம். பள்ளிச் சுற்றுலாவிற்கு உங்கள் பிள்ளையை அழைத்துச் செல்லத் தயங்கினால் எங்களிடம் வாருங்கள். என்ன மருந்து, எப்போது தர வேண்டும், எது எல்லை, எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் ஆசிரியருக்கு எழுதித் தருகிறோம். பொறுப்பை இப்படிப் பகிர்ந்துகொள்ள முடியும்.

அந்த ஒன்பது வயதுச் சிறுவனின் குறிப்பேட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, "ஏரிக்கரையில் நடக்கலாம், இன்ஹேலர் உடன் இருக்க வேண்டும்" என்று எழுதி நாளிட்டுக் கையொப்பம் இட்டோம். மார்கழியில் மறுபரிசோதனைக்கு வந்தபோது, கரையில் எத்தனை கொக்கு பார்த்தாய் என்று கேட்டோம். கொக்கு இல்லை, நத்தைகுத்தி நாரை என்று அவன் எங்களைத் திருத்தினான். தங்கைதான் முதலில் பார்த்தாளாம்.

அடுத்த முறை நீங்கள் மருத்துவமனைக்கு வரும்போது குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எங்கேனும் நாள் குறிக்காத தடை இருந்தால், அது இன்னும் பொருந்துமா என்று எங்களைக் கேளுங்கள்.